காற்றுப்பையா, கம்பியா? – ட்ரெய்லர் இழுத்தவர்களின் எழுபது வருடப் பஞ்சாயத்து

இரண்டு வாரமாகத் தேர்வு, அதனால்தான் இந்தப் பக்கம் ஆளையே காணோம். இந்த முறை வரலாறும் இயந்திரவியலும் கலந்த ஒரு சமாச்சாரம். மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் தவிர மற்றவர்கள் ஓடிவிட வேண்டாம். சூத்திரம் எதுவும் கிடையாது. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தால் ஒரு வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற பழக்கம் உண்டு. உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கும். எடை இரண்டு டன், மூன்று டன் என்று போகும். டிராவல் ட்ரெய்லர் என்பார்கள். இதைக் காரோடு கோர்த்த மறுநிமிடம் காரின் வால் பொத்தென்று இறங்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். இதற்கு வைத்தியம் என்ன என்பதில்தான் பஞ்சாயத்து. பின் ஸ்பிரிங்கோடு காற்றுப்பை வைத்து ஊதித் தூக்கிவிடு என்று ஒரு கட்சி. அதெல்லாம் ஆகாது, கோர்க்கிற இடத்தில் எடை பகிரும் ஹிட்ச் மாட்டு என்று இன்னொரு கட்சி. (ஹிட்ச் என்றால் நம்ம ஊர் டிராக்டர்காரர்கள் கொக்கி என்கிறார்களே, அதன் பெரியண்ணன்.)

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற மாதிரிதான் இருக்கும். இறங்கின வால் ஏறிவிடும், அவ்வளவுதானே? நான் எந்தக் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். காற்றுப்பை பதில் சொல்வது உயரத்துக்கு. ஹிட்ச் பதில் சொல்வது எடைக்கு. உயரம் கண்ணுக்குத் தெரியும், எடை தெரியாது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மலைச்சாலை இறக்கத்தில் மூன்று டன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கார் பேச்சைக் கேட்கவில்லை என்றால், அப்போது இந்தக் குழப்பத்தின் விலை தெரியும்.

சரி, கதைக்கு வருவோம்.

1914, டெட்ராய்ட். ஒரு மர வியாபாரிக்குத் தன் படகைக் கோடை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் போனார். அவர் ஒரு ஃபோர்டு மாடல் டி காரை எடுத்து, படகுக்கு ஒரு வண்டி செய்து, அதன் முன்பாதி எடை காரின் பின்பகுதி மேலேயே உட்காருகிற மாதிரி கோர்த்துக் கொடுத்தார். முன்பக்கம் சக்கரமே கிடையாது என்பதால் "செமி ட்ரெய்லர்" என்று பெயர். இன்றைக்கு நெடுஞ்சாலையில் போகிற கன்டெய்னர் லாரிகளுக்கெல்லாம் இந்த மாதிரி வண்டிகள்தான் மூதாதையர். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: எடை விழுந்த இடம்.

அடுத்து வருகிறவர் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆசாமி, க்ளென் கர்டிஸ். விமான வரலாறு படித்தவர்களுக்கு ரைட் சகோதரர்களோடு வருடக்கணக்கில் வழக்காடியவராகத் தெரிந்திருக்கும். 1907-ல் தானே செய்த எட்டு சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 136 மைல் வேகத்தில் போனவர். 1920-களில் ஃபுளோரிடாவில் நிலம் வாங்கி ஊர் ஊராக உருவாக்கிக்கொண்டிருந்தார் (ஓபா-லாக்கா அப்படி வந்த ஊர்தான்). கை சும்மா இருக்குமா? ஏரோகார் என்று ஒரு வீட்டு ட்ரெய்லர் செய்தார். விமான உடம்பு கட்டுகிற அதே முறையில் மெல்லிய மரச்சட்டமும் இழுத்துக் கட்டிய கம்பியுமாக, எடை குறைவாக.

அதைக் காரோடு கோர்த்த விதம்தான் அபாரம். இரண்டு பேர் உட்காரும் கூபே காரின் பின்பகுதியில், ஏறக்குறைய பின் அச்சுக்கு மேலேயே, காற்றடித்த ஒரு டயரைப் படுக்கை வசத்தில் பொருத்தினார். ட்ரெய்லரின் மூக்கிலிருந்து இறங்கும் முளை அந்த டயர் சக்கரத்தின் நடுவில் போய் உட்காரும். ரோட்டின் குலுக்கலை டயருக்குள் இருக்கும் காற்று வாங்கிக்கொள்ளும். ட்ரெய்லரின் பாரம் பின் அச்சின் மேலேயே விழுவதால் காரின் மூக்கும் தூக்காது. அதாவது மெத்தென்று போவதற்குக் காற்று, பாரம் சரியாக விழுவதற்கு இடம் என்று இரண்டையும் ஒரே சாமானில் முடித்துவிட்டார். பின்னால் இரண்டு தனித்தனித் தொழிலாகப் பிரிந்து சண்டை போடப்போகிற இரண்டு யோசனைகள் இங்கே ஒன்றாகத்தான் பிறந்தன.

கர்டிஸ் 1930-ல் இறந்துபோனார். ஏரோகார் விலை அதிகம், வாங்கியவர்கள் பணக்காரர்கள். சாதாரணக் குடும்பங்களுக்கு ட்ரெய்லரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் தொடங்கிய 'கவர்டு வேகன்' கம்பெனியும், கலிஃபோர்னியாவில் வாலி பயம் தொடங்கிய 'ஏர்ஸ்ட்ரீம்' கம்பெனியும், அவர்களைப் போன்ற இன்னும் பலரும்தான். இந்தக் குடும்பங்களிடம் இருந்தது நாலு கதவு செடான் கார். பின்சீட்டில் பிள்ளைகள் உட்கார வேண்டும். அங்கே போய் டயரைப் படுக்க வைக்க முடியுமா? அதனால் இணைப்பு பின்னால் நகர்ந்து பம்பருக்கு வந்தது. பம்பரில் ஒரு இரும்புக் குண்டு, அதன் மேல் ட்ரெய்லரின் கவிழ்த்த கிண்ணம். மலிவு, சுலபம். ஆனால் பாரம் விழும் இடம் பின் அச்சிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே பின்னால் போய்விட்டது. அந்த ஒரு மீட்டர்தான் இந்தக் கட்டுரையின் வில்லன்.

வில்லனைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சந்தேகம் வரலாம். குண்டின் மேல் எடையே விழாதபடி ட்ரெய்லரில் சாமானைப் பின்னால் தள்ளி ஏற்றினால் என்ன? மாட்டுவண்டி ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். மூட்டை முன்னால் அதிகமானால் முன்பாரம், மாட்டின் கழுத்து அழுந்தும். பின்னால் அதிகமானால் பின்பாரம், நுகத்தடி மேலே தூக்கும். ட்ரெய்லரில் பின்பாரம் இதைவிட மோசம். வேகம் ஏறினால் ட்ரெய்லர் இடமும் வலமும் வாலை ஆட்ட ஆரம்பிக்கும், ஆட்டம் வளர்ந்தால் காரையும் சேர்த்துச் சாய்த்துவிடும். அதனால் அமெரிக்க வழக்கப்படி ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் குண்டின் மேல் விழ வேண்டும். எம்.எஸ். படிக்கப் போன சீனியர்கள் வீடு மாற்ற யூ-ஹால் ட்ரெய்லர் வாடகைக்கு எடுப்பார்களே, அதிலும் சாமானில் 60 சதவீதம் முன்பாதியில் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். (1945-ல் தொடங்கிய கம்பெனி, எத்தனை வால் ஆட்டத்தைப் பார்த்திருப்பார்கள்!)

ஆக, முன்பாரம் வேண்டும். அது பம்பரில்தான் விழும். இப்போது கணக்கு. காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3 மீட்டர். பின் அச்சிலிருந்து குண்டு 1.2 மீட்டர் பின்னால். குண்டின் மேல் 300 கிலோ. ஏற்றப்பலகை விளையாட்டு மாதிரிதான்: பின் அச்சு நடுக்கட்டை, ஒரு முனையில் ட்ரெய்லர் அழுத்துகிறது, மறுமுனையில் முன் சக்கரம் லேசாகிறது. 300-ஐ 1.2-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 120. முன் அச்சு 120 கிலோ இழக்கிறது. அந்த 120-ம் சேர்ந்து பின் அச்சின் மேல் விழுவதால் அங்கே ஏறியது 420 கிலோ. திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது பெரும்பாலான வேலையைச் செய்வதும் முன் சக்கரங்கள். இருக்கிற வேலை எல்லாம் அதிகமான நேரத்தில் அவற்றிடமிருந்து பிடிப்பைப் பறித்துவிட்டோம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு இந்த வியாதி முற்றியது. டெட்ராய்ட் கார்கள் வருடத்துக்கு வருடம் நீளமாகவும் மெத்தென்றும் ஆகின. நீளம் கூடினால் வில்லன் வளர்கிறான், மெத்தென்று ஆனால் வால் இன்னும் ஆழமாக இறங்குகிறது. 1951-ல் வாலி பயம் 63 ட்ரெய்லர்களைக் கூட்டிக்கொண்டு மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் கிளம்பினார் என்றால் மோகம் எந்த அளவுக்கு இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தியர்கள் வந்தார்கள். 1949-ல் மிச்சிகனின் லான்சிங் நகரில் ஏர் லிஃப்ட் என்ற கம்பெனி தொடங்கியது. யோசனை ரொம்ப எளிமை. சுருள் ஸ்பிரிங்குக்குள் காலியாக இருக்கும் இடத்தில் ஒரு ரப்பர் பையை நுழை, வெளியே ஒரு வால்வு வை, பெட்ரோல் பங்கில் டயருக்கு அடிக்கும்போது அதற்கும் காற்றடி. இறங்கின வால் ஏறிவிடும். முகப்பு விளக்கு எதிரில் வருகிறவரின் கண்ணைக் குத்தாது, பின்பக்கம் ரோட்டில் உரசாது, ஸ்பிரிங் அடிவரை போய் இடிக்காது. இதெல்லாம் நிஜமான நன்மைகள், குறை சொல்வதற்கில்லை.

ஆனால் காரை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். காற்றடிக்கும் முன்னால் முன் அச்சில் 120 கிலோ குறைவு. காற்றடித்த பிறகும் அதே 120 கிலோ குறைவு. பை காரின் உடம்புக்கும் பின் அச்சுக்கும் நடுவே உட்கார்ந்து உடம்பைத் தூக்குகிறது. பாரம் விழும் இடத்தை அது தொடவே இல்லை. காய்ச்சல்காரருக்கு நல்ல சட்டை போட்டுவிட்ட மாதிரி. பார்க்கிறவர் திருப்தியாகிவிடுவார், தெர்மாமீட்டர் ஆகாது.

இன்னொரு வைத்தியம் 1950-களில் பரவியது. ரீஸ், ஈஸ்-லிஃப்ட் போன்ற பெயர்கள் அந்தக் காலத்து ட்ரெய்லர்காரர்களுக்கு மனப்பாடம். ஹிட்ச்சின் தலையிலிருந்து இரண்டு நீளமான ஸ்பிரிங் எஃகுக் கம்பிகள் பின்னோக்கிப் போகும். அவற்றின் நுனியைச் சங்கிலியால் மேலே இழுத்து ட்ரெய்லரின் சட்டத்தில் மாட்டுவார்கள். கம்பி வளைந்து விறைப்பாக நிற்கும். புரியவில்லை என்றால் கட்டட வேலையில் மண் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கைப்பிடிகள் போல இரண்டு கம்பிகளைக் காரின் வாலில் பற்றவைத்து, நுனியைப் பிடித்து இரண்டு பேர் தூக்கினால் என்ன ஆகும்? வால் எழும்பும், பாரம் முன் சக்கரத்துக்கு ஓடும். இங்கே அந்த இரண்டு பேரின் வேலையைச் சங்கிலி செய்கிறது. தூக்குகிறவர் நிற்கத் தரை வேண்டுமே? அது ட்ரெய்லர். அதனால் அதன் சக்கரங்களும் கொஞ்சம் பாரத்தை ஏற்றுக்கொள்கின்றன.

அதே காரில், ட்ரெய்லரின் அச்சு குண்டிலிருந்து 5 மீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன் அச்சு இழந்த 120 கிலோ முழுவதும் திரும்பும் அளவுக்குக் கம்பியை இறுக்கினால், பின் அச்சில் கூடியிருந்த 420 கிலோ ஏறத்தாழ 242 ஆகக் குறைகிறது. மீதி 58 கிலோ ட்ரெய்லர் சக்கரங்களுக்குப் போகிறது. கூட்டிப் பாருங்கள், அதே 300. எடை எங்கேயும் மாயமாகவில்லை, மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இதை நிரூபிக்க 1960-களில் செய்த ஒரு வித்தை புகழ்பெற்றது. ஓல்ட்ஸ்மொபைல் டொரோனாடோ என்று முன் சக்கரத்தில் இயங்கும் பெரிய கார் 1966 மாடலாக வந்தது. அதன் பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, எடை பகிரும் ஹிட்ச்சின் கம்பிகளை நன்றாக இறுக்கி, ட்ரெய்லரை இழுத்துக் காட்டினார்கள். வால் அந்தரத்தில் நிற்கிறது, வண்டி ஓடுகிறது! காற்றுப்பையால் இந்த வித்தையைக் கனவிலும் செய்ய முடியாது. பின் சக்கரமே இல்லையென்றால் பை எதன் மேல் உட்காரும்?

கார் கம்பெனிகளும் காற்றை விடவில்லை. 1957-ல் காடிலாக் எல்டொராடோ புரோமில் நாலு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷன் வந்தது. காரின் விலை 13,000 டாலருக்கு மேல். 1958-ல் செவர்லே வரை அதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தார்கள். கசிவுதான் மிச்சம். இரவு நிறுத்திய கார் காலையில் தரையோடு படுத்துக் கிடக்கும். நிறைய உரிமையாளர்கள் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய சுருள் ஸ்பிரிங்குக்கே திரும்பினார்கள். ஓரிரு வருடத்தில் கதை முடிந்தது.

அதே ஜி.எம். கம்பெனி அதே காலத்தில் பஸ்ஸில் வைத்த காற்றுப்பை ஜெயித்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1954-ல் வந்த கிரேஹவுண்ட் சீனிக்ரூசர் பஸ் காற்றின் மேல்தான் மிதந்தது. 2001-ல் இந்தியாவுக்கு வந்த வோல்வோ பஸ்ஸில் ஏறினவர்களுக்கு அந்த சுகம் தெரியும். பஸ்ஸில் பயணிகள் இரண்டு அச்சுகளுக்கு நடுவிலும் அக்கம்பக்கத்திலும் பரவலாக உட்காருகிறார்கள். ஒரு மீட்டர் வாலின் நுனியில் மொத்தப் பாரத்தையும் தொங்கவிடுகிற ஆள் அங்கே யாரும் இல்லை. எடைப் பிரச்சினை ஏற்கனவே தீர்ந்திருந்தால், காற்று தன் சொந்த வேலையான மெத்தென்று தாங்குவதை அருமையாகச் செய்யும்.

இதுவரை படித்தவர்கள் நான் ஹிட்ச் கட்சியின் பிரசார பீரங்கி என்று முடிவு கட்டியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கட்சியும் ஒரு தப்பு செய்தது. கார் கண்ணுக்கு நேராக நிற்கும் வரை கம்பியை இறுக்கு என்று சொல்லிக்கொடுத்தார்கள். எடை பற்றிப் பேசியவர்களே கடைசியில் உயரத்தைப் பார்த்து வேலையை முடித்தார்கள்!

1967-ல் ஜி.எம். பொறியாளர் பண்டார்ஃப், காரும் டிராவல் ட்ரெய்லரும் சேர்ந்து எப்படித் திரும்புகின்றன என்று ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1970-களில் மற்றவர்களும் சோதனைகளைத் தொடர்ந்தார்கள். மெல்ல ஒரு விஷயம் தெளிவானது. வளைவில் ட்ரெய்லர் காரின் வாலைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவது பின் டயர்கள். கம்பியை ரொம்ப இறுக்கினால் பின் டயர் மேலிருக்கும் பாரம் குறையும், பாரம் குறைந்தால் பிடிப்பு குறையும், ஆனால் தள்ளல் மட்டும் அப்படியே இருக்கும். முன் சக்கரம் பிடித்துக்கொண்டு பின் சக்கரம் வழுக்கினால் காரின் வால் வீசும், காரும் ட்ரெய்லரும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கும். முன்னால் பிடிப்பு குறைந்தால் கார் திரும்ப மாட்டேன் என்கிறது, பின்னால் குறைந்தால் சுழன்றே விடுகிறது. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. அதனால் இன்றைக்குப் பல பிக்கப் வண்டிகளின் கையேடுகள் இழந்ததில் பாதி அளவைத் திருப்பினால் போதும் என்கின்றன. 2008-ல் வந்த எஸ்.ஏ.ஈ. ஜே2807 என்ற தரநிலை, ஒரு வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்பதையே பொதுவான சோதனைகளால் கட்டிப்போட்டது. அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஏறுவதும் அதில் ஒரு பரீட்சை. அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டுக்கொண்டிருந்தது.

ஐரோப்பாவில் இந்தப் பஞ்சாயத்தே பெரிதாக நடக்கவில்லை. அங்கே கேரவன்கள் இலகுவானவை. மூக்கில் விழும் பாரத்தைப் பெரும்பாலும் 100 கிலோவுக்குள் வைத்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் ட்ரெய்லரோடு போனால் பொதுவாக 80 கிலோமீட்டர்தான் வேகம். அத்தனை சின்னப் பாரத்துக்கு, 1955-ல் வந்த சிட்ரோயன் டி.எஸ். மாதிரி எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தானே உயரத்தைச் சரிசெய்யும் சஸ்பென்ஷனே தாராளம். ஆகவே "ஐரோப்பாவில் கம்பியில்லாமல்தானே இழுக்கிறார்கள்" என்று வாதாடுகிறவர்கள் அந்த 100 கிலோவையும் 80 கிலோமீட்டரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மின்னணு காலத்தில் காற்று திரும்பி வந்தது. 1992-ல் ரேஞ்ச் ரோவர், 2013 மாடலில் ராம் 1500 பிக்கப் என்று பட்டியல் நீள்கிறது. இந்த முறை கசிவு குறைவு, மூளையும் உண்டு. ஆனால் அந்த மூளைக்குத் தெரிந்தது உயரம் ஒன்றுதான். ட்ரெய்லரை மாட்டினதும் வால் இறங்குவதைப் பார்த்து, தானே காற்றை ஏற்றி நேராக்கிவிடும். ஓட்டுநர் இறங்கி வந்து பார்ப்பார். நேராக நிற்கிறது, கம்பி எதற்கு என்று கிளம்பிவிடுவார். முன் அச்சில் குறைந்த 120 கிலோவை யாரும் கேட்கவில்லை. 1949-ல் பங்கில் நின்று காற்றடித்தவராவது தன் கையால் செய்தார். இப்போது அந்த ஏமாற்றம் தானாகவே, சத்தமில்லாமல் நடக்கிறது.

இரண்டையும் சேர்த்து வைத்தாலும் தகராறுதான். கம்பியை இறுக்குகிற நேரத்தில் சஸ்பென்ஷன் விழித்துக்கொண்டிருந்தால், வால் ஏறுவதைப் பார்த்துக் காற்றை வெளியே விடும். போட்ட இறுக்கம் மாறிவிடும். அதனால் பல வண்டிகளில் தானியங்கி உயரச் சரிசெய்தலை முதலில் நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள். ட்ரெய்லர் இல்லாமல் முன் சக்கர வளைவின் உயரத்தை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்வது, மாட்டிய பிறகு எவ்வளவு தூக்கியது என்று மறுபடி அளப்பது, கையேடு சொல்கிற அளவுக்கு அது இறங்கும் வரை கம்பியை இறுக்குவது, கடைசியில் காற்றை விழிக்கவிடுவது என்று வரிசை போகும். அளப்பது முன்பக்கம் என்பதைக் கவனியுங்கள்; வாலை யாரும் கேட்பதில்லை. சில ஐரோப்பிய எஸ்.யு.வி.களின் கையேட்டில் எடை பகிரும் ஹிட்ச்சே கூடாது என்றிருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பெரிய அமெரிக்க ட்ரெய்லரை மாட்டாமல் இருப்பதுதான் உத்தமம்.

பெரிய ட்ரெய்லர் வேண்டுமென்கிறவர்கள் பிக்கப் வாங்கி, அதன் சரக்குத் தொட்டியின் நடுவே, பின் அச்சுக்கு மேலே கோர்க்கிற 'ஃபிஃப்த் வீல்' வகைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு எடை பகிரும் கம்பி தேவையே இல்லை. குலுக்கலுக்கு மட்டும், ட்ரெய்லரின் முளை இருக்கும் பெட்டியில் சின்னக் காற்றுப்பை வைத்த மாடல்கள் கடையில் கிடைக்கின்றன. கர்டிஸின் படுக்கை டயர் செய்த வேலையைத்தான் அது செய்கிறது, ஏறக்குறைய அதே இடத்தில்.